தெருவில் வாழ்பவரின் நாயும் சமூகவியலும்

மனிதர்களின் துயரமே மலைபோல் குவிந்து கிடக்கும்போது ஒரு சமூகவியலாளர் நாயையும் பூனையையும் ஆராய்ந்துகொண்டிருக்கலாமா என்று கேட்பவர்கள் அத்துறைக்குள்ளேயே இருந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லெஸ்லி இர்வினின் ஆய்வுகளைப் படித்தால் அந்தக் கேள்வியே பிழையானது என்பது விளங்கும்.

மொழியில்லாத உயிருக்குத் ‘தான்’ என்ற உணர்வு இருக்க முடியாது என்று அமெரிக்கச் சிந்தனையாளர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் வகுத்ததைப் பின்வந்த சமூகவியலாளர் பலர் அப்படியே ஏற்று, விலங்குகளைத் தம் ஆய்வுக்கு வெளியே விட்டனர். இந்தப் புறக்கணிப்பைக் கண்டித்து சமூகவியலாளர் கிளிஃப்டன் பிரையன்ட் 1979இல் எழுதியும், அமெரிக்கச் சமூகவியல் கழகத்தில் விலங்குகள் குறித்த ஆய்வுக்கென ஒரு பிரிவு அமைய 2002 ஆகிவிட்டது. இர்வின் 2004இல் வெளியிட்ட நூலில் மீடின் கருத்தை நேருக்கு நேர் மறுத்தார்.

ஆயினும் அவருடைய ஆய்வுகளில் தலையாயது என நான் கருதுவது, வீடின்றித் தெருவில் வாழ்பவர்களையும் அவர்களுடைய விலங்குகளையும் பற்றி 2013இல் வெளிவந்ததுதான். உண்ண வழியில்லாதவருக்கு நாய் எதற்கு என்று வழிப்போக்கர்கள் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். அவர்களோ, கிடைப்பதை முதலில் நாய்க்கு வைத்துவிட்டுத்தான் தாம் உண்பதாகச் சொல்கிறார்கள். நாயைச் சேர்த்துக்கொள்ளாத தங்குமிடத்தை வேண்டாமென்று வெளியிலேயே படுப்பவர்கள் உண்டு. போதையை விட்டதற்கும், உயிரை மாய்த்துக்கொள்ளாமல் இருந்ததற்கும் அந்த நாயையே காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. இர்வின் இவற்றை உருக்கமான கதைகளாக விட்டுவிடாமல், ஊரே பொறுப்பற்றவர் என்று முத்திரை குத்திய ஒருவர், தன்னை நம்பியிருக்கும் உயிரைக் காப்பதன் வழியே தன் மதிப்பை எவ்வாறு மீட்டுக்கொள்கிறார் என்று காட்டினார். வறுமையை ஆராயும் எவரும் இதைத் தம் துறைக்கு வெளியே உள்ளதென ஒதுக்குவது நியாயமில்லை.

2005இல் அமெரிக்காவைக் கத்ரீனா புயல் தாக்கியபோது செல்லப்பிராணிகளை விட்டுவர மனமின்றிப் பலர் வெள்ளத்திலேயே தங்கிவிட்டனர். மறு ஆண்டே, மீட்புத் திட்டங்களில் செல்லப்பிராணிகளையும் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் வந்தது. மீட்புப் பணியில் தாமே பங்கெடுத்த இர்வின் அதோடு நிறைவடையவில்லை. பண்ணைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் அடைபட்டிருக்கும் விலங்குகளைப் பேரிடரில் யார் காப்பது என்று 2009இல் எழுதிய நூலில் கேட்டார். அந்த விலங்குகளை 2006ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கில் எடுக்கவேயில்லை.