மாடி ஏறும் அண்ணாச்சிக்கு யார் சொல்லித் தருவார்கள்?

போன மே மாதம் எங்கள் பணகுடி வீட்டு மாடியில் கருகிய வாடை. சோலார் போட்டுக் கொடுத்த நிறுவனத்துக்கு நாலு நாள் போன் அடித்தும் ஆள் வரவில்லை. கடைசியில், முப்பது வருஷமாக ஊரில் வயரிங் பார்க்கும் அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டேன். வந்ததும் கீழே மெயினை ஆஃப் செய்துவிட்டு மேலே ஏறினார். “இனி கரண்ட் இல்ல தம்பி” என்று சொல்லிக்கொண்டே உருகிப்போன கனெக்டரைப் பிளையரால் சுரண்டினார். பிளையர் இரண்டு வயரிலும் ஒரே நேரத்தில் பட்டுவிட்டது. நீலமாக ஒரு தீ. பிளையரை விலக்கிய பிறகும் அது சட்டென்று அணையவில்லை. பின்னால் சாய்ந்தவரைக் கைப்பிடிச் சுவர்தான் காப்பாற்றியது.

அண்ணாச்சி கவனக்குறைவான ஆள் இல்லை. அவர் படித்த மின்சாரம் வேறு. வீட்டுக்கு வரும் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. அதனால் பொறி விழுந்தாலும் சீக்கிரம் அணையும். பேனலில் இருந்து வருவது டிசி, ஒரே திசையில் ஓடுவது. அது பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. அதோடு, கீழே எந்த சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ஆறு பேனல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. உச்சி வெயிலில் 250 வோல்ட்டுக்கு மேல்!

கனெக்டர் ஏன் கருகியது? அதற்கென்று இருக்கும் கிரிம்பிங் கருவியால் அழுத்தாமல் சாதாரணப் பிளையரால் நசுக்கியிருக்கிறார்கள். பிடிமானம் தளர்ந்து, சூடேறி, உருகிவிட்டது. மாட்டிய பையன்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரே நாளில் இரண்டு வீட்டை முடிக்கச் சொல்லி அனுப்பினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

2024 பிப்ரவரியில், வீட்டு மாடியில் சோலார் போட மானியம் தரும் மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் வந்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம், நானும் வாங்கினேன். ஆனால் பேனல் 25 வருஷம் மாடியில் இருக்கப் போகிறது. அத்தனை வருஷமும் அதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? போட்ட நிறுவனமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஊர் வயர்மேன்தான்.

பயிற்சியே இல்லை என்று சொல்லவில்லை. 2015 முதல் சூர்யமித்ரா என்று மத்திய அரசின் சோலார் பயிற்சி நடக்கிறது. தங்கிப் படிக்க வேண்டும். ஐடிஐ முடித்த இளைஞர்களுக்கு அது சரி. ஐம்பது வயதில் அன்றாடக் கூலியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் மாசக்கணக்கில் எங்கே போய்த் தங்குவார்? கங்கைகொண்டானில் வந்திருக்கும் டாடா பவர் சோலார் ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த வாய்ப்பு மாடிகளிலும் வர வேண்டும். எலெக்ட்ரீஷியன் பிரிவு படித்த பெண் பிள்ளைகளை ஏன் பேனல் மாட்ட யாரும் கூப்பிடுவதில்லை?

எங்கள் பக்கத்துக்கு இது புதுக் கதையும் இல்லை. முப்பந்தலில் காற்றாலைகள் வந்தபோது ஊர்ப் பையன்கள் கோபுரம் ஏறி, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றார்கள். அந்தப் பழைய 250 கிலோவாட் இயந்திரங்கள் இருந்த இடத்தில் இப்போது மெகாவாட் கணக்கில் பெரியவை வருகின்றன. பழையதைக் கரைத்துக் குடித்த அந்தக் கைகளைப் புதியதற்கும் பழக்காமல் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தால் அது அநியாயம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு அரசு ஐடிஐயிலும் நிஜப் பேனல்களோடு ஒரு மாதிரி மாடி கட்டுங்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேன்களுக்குச் சாயங்கால வகுப்பு, பதினைந்து நாள் போதும். பகலில்தான் நடத்த முடியும் என்றால் அன்றைய கூலியைக் கொடுங்கள். முடிக்கும்போது கிரிம்பிங் கருவி, டிசி அளக்கும் மீட்டர், இடுப்புக் கயிறு மூன்றையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். மானியத்துக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது மிகச் சின்னத் தொகை.

அன்று தீப்பட்ட கை ஆறியதும் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். “இந்த டிசி வேலைய எங்க தம்பி சொல்லித் தருவாவ?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை விசாரித்தேன். அவருக்குத் தோதாக ஒன்றும் கிடைக்கவில்லை. திருநெல்வேலி, கன்னியாகுமரி பக்கம் சாயங்கால வகுப்பு எங்காவது நடந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன்.