ஆளைக் கூட்டிட்டு வாங்க

என் தம்பிக்கு வயது 24. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். தானாக உட்கார வராது, கழுத்து நிற்காது, கை விரல்கள் எந்நேரமும் இறுக்கி மூடியே இருக்கும். அரசு மருத்துவமனையில் டாக்டர்கள் பார்த்து 90 சதவீதம் பாதிப்பு என்று எழுதிக் கொடுத்த சான்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டையும் இருக்கிறது, 80 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்குத் தரும் நீலப் பட்டை போட்ட அட்டை. இத்தனையையும் மேசையில் பரப்பி வைத்த பிறகு, போன இடத்தில் எல்லாம் ஒரே பேச்சு: "ஆளைக் கூட்டிட்டு வாங்க."

அப்படியானால் அந்த டாக்டர்கள் யாரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்? பக்கத்து வீட்டுப் பையனையா?

நாங்கள் கேட்பது மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. 75 சதவீதமோ அதற்கு மேலோ கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தருவது. இவனுக்கு வாங்கும் டயப்பருக்கே அது காணாது. அப்பா இருந்தவரை யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பிடிவாதத்தை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வாள்?

முதலில் வி.ஏ.ஓ. வருவாய்த் துறையில் வேறு உதவித்தொகை எதுவும் வாங்கவில்லை என்று அவர் எழுதித் தர வேண்டுமாம். அவர் ஆபீஸ் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு. வண்டியை எடுத்தால் இரண்டு நிமிஷம். வர மாட்டார். "கண்ணால பாத்தாத்தான்மா சைன் போட முடியும்." பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டால் கட்டி, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். தெருவே பார்த்தது. அவர் மட்டும் இரண்டு விநாடிக்கு மேல் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் தாளைத் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனால், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் கையெழுத்து வேண்டுமாம். மறுபடியும் ஆளைக் கூட்டிட்டு வாங்க. சாய்தளம் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. அது தரைத்தளத்துக்கு. பிரிவு இருப்பது மாடியில். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? விதிகள் வந்த ஐந்து வருஷத்துக்குள் எல்லாப் பொதுக் கட்டடத்துக்குள்ளும் மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் போய்வர வழி செய்ய வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்து எத்தனை வருஷம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

மேலே ஓடிப்போய், யாராவது ஒருவர் கீழே வந்து பார்த்துவிட்டுப் போங்கள் சார் என்று கெஞ்சினேன். "சீட்டை விட்டு வர முடியாதும்மா." சரி என்று படிக்கட்டடியில் தம்பியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணி அடித்தது. மொத்தப் பிரிவும் டீ குடிக்கக் கீழே இறங்கி வந்தது. எங்களைத் தாண்டித்தான் போனது, தாண்டித்தான் திரும்பி மேலே ஏறியது. கடைசியில் அங்கே மனு எழுதிக்கொடுக்கும் பெரியவரும் ஒரு ஆட்டோ டிரைவரும் சேர்ந்து அவனை மாடிக்குத் தூக்கினார்கள்.

அடுத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இங்கே ஃபோட்டோ சரியில்லையாம். முகம் மட்டும் இருக்கிறதாம். "குறை தெரியிற மாதிரி முழுசா எடுத்துட்டு வாங்க." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 2017 விதிகளோடு வந்த சான்றிதழ்ப் படிவத்திலேயே, முகம் மட்டும் தெரியும் படம் போதும் என்று அச்சடித்திருக்கிறதே! வாசல் பலகையில் மாற்றுத்திறனாளி, மேசைக்கு வந்தால் குறை. சொன்னேன். "ரூல்ஸ் எல்லாம் எங்களுக்குத் தெரியும்மா" என்றார். அம்மா என் கையைக் கிள்ளினாள். எதிர்த்துப் பேசினால் ஃபைல் அடியில் போய்விடும் என்ற பயம். அவனைப் பாயில் போட்டு, மடங்கிய காலும் கையும் தெரிய, என் போனிலேயே படம் எடுத்தேன். கேமராவைப் பார்த்ததும் அவன் சிரித்தான். சிரிக்காத படமாக இன்னொன்றும் எடுத்து வைத்துக்கொண்டேன். சிரித்தால் சதவீதத்தைக் குறைத்துவிடுவார்களோ, யார் கண்டது.

இப்போது பேங்கில் நிற்கிறது. பணம் அவன் பேரில் உள்ள கணக்கில்தான் விழும். ரேகை வைக்கச் சொல்கிறார்கள். இறுகின விரலைப் பிரித்து அந்த மெஷினில் வைத்து அழுத்தினால் அவன் அலறுகிறான். அப்படியானால் காப்பாளர் சான்று கொண்டுவா என்கிறார் மேனேஜர். 18 வயது தாண்டிய பிள்ளைக்குப் பெற்ற தாய் தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி உள்ளூர் அளவிலான குழு கூடி முடிவு செய்ய வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் யார்? மாவட்ட ஆட்சியர். அதாவது, நாங்கள் ஃபோட்டோவுக்காகத் திட்டு வாங்கிவிட்டு வந்தோமே, அதே வளாகத்துக்குள். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுவையும் அங்கேயே கொடுத்திருப்போம்! ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் எப்போது என்று கேட்டால் தேதி இன்னும் வரவில்லையாம். வந்ததும் போன் பண்ணுவார்களாம். "வரும்போது ஆளைக் கூட்டிட்டு வந்துடுங்க."

ஆட்டோ அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அன்றைக்கு மாடிக்குத் தூக்கினாரே, அவர்தான். இந்தத் தடவை பின் சீட்டில் தலையணை போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார்.