லம்போர்கினி வேணாங்க, கறுப்பு மஞ்ச டாக்சி இருந்தா சொல்லுங்க

மாடல் காடி, அதான் நெஜ காரை அச்சு அசலா சின்னதா செஞ்ச பொம்மை கார், சேக்கறேன்னு சொன்னா ஜனங்க கேக்கறது ரெண்டே கேள்விதான். ஒண்ணு, "இந்த வயசுலயும் பொம்மையா?", அதுக்கு பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்பல்லாம் சிரிச்சுட்டு விட்டுடறேன். ரெண்டாவதுதான் நம்மள சூடேத்துது, "ப்ரோ இது இப்ப எவ்ளோ போகும்?" அலமாரியைப் பாத்து இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகல, அது என்ன காடி, எந்த வருஷத்து காடின்னு ஒரு வார்த்தை இல்ல, நேரா வெலைக்கு வந்துடறாங்க. தங்கம் வாங்கறவன்கூட முதல்ல டிசைனைப் பாப்பான்யா.

இந்த வெலைப் பைத்தியம் எங்க கொண்டு விட்டிருக்குன்னா, நம்ம பினாங்குல பட்டர்வொர்த் பக்கம் ஒரு பேரங்காடி, பேர் வேணாம், காலைல ஷட்டர் பாதி தூக்கும்போதே பெரிய பெரிய ஆளுங்க குனிஞ்சு உள்ள ஓடுவாங்க. பொம்மை பக்கம் போய் புதுப் பெட்டியை அவங்களே ஒடைச்சு ஹாட் வீல்ஸ் பொம்மை காடி எல்லாத்தையும் சீட்டு கலைக்கிறாப்ல கலைச்சு, சூப்பர் ட்ரெஷர் ஹண்ட்னு அபூர்வமா வர்ற ஸ்பெஷல் காடி இருக்கா, நிசான் ஸ்கைலைன் இருக்கா, போர்ஷே இருக்கான்னு பொறுக்கிட்டு மிச்சத்தை தரையில போட்டுட்டுப் போயிடுவாங்க. சாயங்காலம் அதே பத்து வெள்ளிக்குள்ள உள்ள சாமான் ஆன்லைன்ல எழுபது, நூறு. அன்னைக்கு ஒரு சின்னப் பையன் அம்மா கையப் புடிச்சுட்டு பக்கத்துலயே நிக்கறான். அந்த அக்கா கூடை நெறைய வச்சிருந்த ஒருத்தர்கிட்ட, "அண்ணே அந்த செகப்பு ஒண்ணு மட்டும் தம்பிக்கு குடுங்களேன், பொறந்தநாளு"ன்னு கேட்டாங்க. அவரு அதைக் கையில எடுத்து திருப்பிப் பாத்து, "இது கஸ்டமர் புக் பண்ணது சிஸ்டர்"னுட்டாரு. கடைக்கு வந்து பத்து நிமிஷம்கூட ஆகல, அதுக்குள்ள கஸ்டமர் புக் பண்ணிட்டாராம்! ஆளுக்கு இத்தனைதான்னு ஒரு அளவு வைங்கய்யான்னு நானும் கவுண்டர்ல சொல்லிப் பாத்தேன், யாரு காதுல வாங்கறா.

நான் என்ன சொல்ல வர்றேன்னா, மாடல் காடிங்கறது பாக்கறதுக்கு. நமக்குத் தெரிஞ்ச ஒரு காடியை நிதானமா, கிட்டத்துல வச்சு, திருப்பித் திருப்பிப் பாக்கறதுக்கு. பாக்கெட்டோட வச்சு பத்து வருஷம் கழிச்சு விக்கறதுன்னா அதுக்கு பேசாம அமானா சஹாம், அதான் அரசாங்க முதலீட்டு நிதி, அதுல போடுங்க, தூசியும் அடையாது.

அதுலயும் பினாங்கு ஆளுங்க இந்த விஷயத்துல கொஞ்சம் கெத்தா நடந்துக்கலாம். ஹாட் வீல்ஸை திருப்பி அடியில பாருங்க, நெறைய காடியில மலேசியான்னு இருக்கும். அந்த ஃபேக்டரி எங்கயோ இல்ல, பட்டர்வொர்த் பக்கத்துல நம்ம பிறை ஊர்லதான். அமெரிக்காக்காரன் ஆயிரக்கணக்குல சேத்து வச்சிருக்கான்ல, அதுல பாதிக்கு மேல எங்க பக்கத்து தாமான் (குடியிருப்பு) அக்காமாருங்க கை பட்டு போனதா இருக்கலாம் (பாதின்னு சும்மா சொல்றேன், சண்டைக்கு வராதீங்க). துத்தநாகத்துல கொஞ்சம் அலுமினியம் சேத்த கலவையை உருக்கி எஃகு அச்சுல அழுத்தி விடறது, பிசிறு தட்டறது, பெயிண்ட் அடிக்கறது, அப்புறம் மெத்துன்னு ஒரு சிலிக்கோன் ரப்பர் திண்டால லைட்டு, லோகோ, கோடு எல்லாம் ஒத்தி எடுக்கறது. அந்த ஒத்தறதுக்கு டாம்போன்னு பேரு. கொஞ்சம் நகர்ந்தாலும் ஹெட்லைட் பம்பர்ல உக்காந்திருக்கும், அந்த மாதிரி ஒண்ணு மாட்டுனா அதுக்கும் ஒரு கூட்டம் காசோட நிக்குது, என்னத்த சொல்ல.

அப்புறம் ஒண்ணு, அடியில 1980ன்னு போட்டிருக்கு, எங்கிட்ட நாப்பது வருஷத்து காடி இருக்குன்னு மாசத்துக்கு ஒருத்தராவது மெசேஜ் போடறீங்க. அது அந்த அச்சை வரைஞ்சு உரிமை வாங்குன வருஷம், உங்க காடி செஞ்ச வருஷம் இல்ல. 2008க்கு அப்புறம் வந்ததுல ஒரு எழுத்தும் ரெண்டு நம்பரும் சின்னதா குத்தியிருக்கும், எழுத்து வருஷம், நம்பர் வாரம். பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க.

சரி, எப்படிப் பாக்கறதுன்னு வருவோம், எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி இதுதான். 1:64, அதாவது நெஜ காடியை 64ல ஒரு பங்கா சுருக்குனதுன்னு எல்லாரும் சொல்றோம், ஆனா ஹாட் வீல்ஸ் எல்லாம் ஒரே சைஸ் பாக்கெட்ல அடங்கணும், ஒரே டிராக்குல ஓடணும்னு செய்யறது. பழைய மினியோட நீளம் 3.05 மீட்டர், 1959 கெடிலாக் 5.7 மீட்டர், ஒழுங்கா 64ஆல வகுத்தா மினி 48 மில்லிமீட்டர், கெடிலாக் 89 மில்லிமீட்டர் வரணும், நெஜத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்துனா அண்ணன் தம்பியாட்டம் இருக்கும். ஜப்பான்காரனோட டொமிக்காவும் இதே கதைதான், ஆனா அவங்க அடியில இது 1/59, இது 1/64னு உண்மையை எழுதிடுவாங்க. இப்ப வர்ற மினி ஜிடி, டார்மாக் மாதிரி கம்பெனி ஆளுங்கதான் நெஜமாவே 64ஆல வகுக்கறாங்க, அதனாலதான் அதுல சின்ன காடி சின்னதா இருக்கு.

ஆனா கணக்குப்படி சரியா வகுத்துட்டா மட்டும் சரியா தெரியுமான்னா, தெரியாது. நெஜ காடியில பெயிண்ட் மொத்தமா 100லருந்து 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) இருக்கும், அதை 64ஆல வகுத்தா 2 மைக்ரான், அவ்ளோ மெல்லிசா எவனும் அடிக்க முடியாது. கதவுக்கும் பாடிக்கும் நடுவுல 4 மில்லிமீட்டர் இடுக்குன்னா மாடல்ல 0.06 மில்லிமீட்டர், பெயிண்ட் விழுந்தவுடனே மூடிக்கும். அதனால செய்யறவன் வேணும்னே கோட்டை ஆழமா, கொஞ்சம் அகலமா போடறான். மெட்டாலிக் பெயிண்ட்ல இருக்கற துகளும் காடிக்கு ஏத்த மாதிரி சின்னதாகறதில்ல, அதான் மலிவான சில்வர் மாடல் எல்லாம் மினுமினுன்னு கொச்சையா இருக்கு. எங்க பொய் சொல்லணும் எங்க சொல்லக்கூடாதுன்னு தெரிஞ்சவன் செஞ்சதுதான் நல்ல மாடல். கதவு திறக்குது, பானெட் திறக்குது, ஸ்டியரிங் திரும்புதுன்னு காட்டி ஏமாத்துவாங்க, திறக்கற கதவு இருந்தாலே இடுக்கு பெருசாயிடும், கேட்டா ஃபீச்சர்ம்பாங்க. நான் முதல்ல பாக்கறது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இருக்கற எடம். அங்க தப்பு பண்ணா காடி லாரி மாதிரி தூக்கிட்டு நிக்கும், மத்ததெல்லாம் எவ்ளோ அழகா இருந்தாலும் போச்சு.

1:43 வேற உலகம். பொம்மை ரயிலுக்குப் பக்கத்துல வைக்க செஞ்ச காடியிலருந்து வந்த கணக்கு அது, லிவர்பூல்ல ஹார்ன்பி 1930கள்ல ஆரம்பிச்ச டிங்கி டாய்ஸ் இருக்குல்ல, அந்த வழி. யாராவது யுத்தத்துக்கு முந்தின டிங்கின்னு நம்மூர்ல வித்தா ஜாக்கிரதை, அந்தக் காலத்து உலோகத்துல ஈயம் கலந்துட்டா உள்ளுக்குள்ளயே வெடிச்சு உப்பி துண்டு துண்டா உதிரும், நம்ம சூடும் ஈரமும் அதுக்கு நல்ல தீனி.

இப்ப தலைப்புல கேட்ட அந்த கறுப்பு மஞ்ச டாக்சி. எங்க மாமா பட்டர்வொர்த்லருந்து ஈப்போ, கோலாலம்பூர்னு அவுட்ஸ்டேஷன் டாக்சி ஓட்டுனவரு, 1994ல நெடுஞ்சாலை முழுசா திறக்கறதுக்கு முன்னாடி பழைய ரோட்லயே ஓட்டுன தலைமுறை. மெர்சிடிஸ் 200டி, கம்பெனி அந்த வரிசைக்கு வச்ச கோடு டபிள்யூ 123. அந்த மாடல் 1976ல வந்தது, மொத்தம் கிட்டத்தட்ட 27 லட்சம் காடி செஞ்சாங்க, உலகம் பூரா டாக்சிக்காரங்களுக்கு அதுதான் சோறு போட்டது. 200டியோட பவர் கடைசி வரைக்கும் 60 குதிரையைத் தாண்டல. நாலு பேசஞ்சர், பின்னாடி ரெண்டு மூட்டை, சங்காட் ஜெரிங் மேட்டுல ஏறும்போது லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான், மாமா கண்டுக்கவே மாட்டாரு.

காலைல சாவியைத் திருப்பிட்டு உடனே ஸ்டார்ட் பண்ண முடியாது, உள்ள சூடேறணும், காத்திருக்கணும். அதைவிட வேடிக்கை நிறுத்தறது. ஒருநாள் டாக்சி ஸ்டாண்டுல சாவியை உருவி கையில வச்சிருக்காரு, எஞ்சின் பாட்டுக்கு டக டகன்னு ஓடிட்டே இருக்கு. "மாமா சாவிதான் உங்க கையில இருக்கே, எப்படி ஓடுது?"ன்னேன். "இது மெர்சிடிஸ்டா மருமவனே, சாவி சொன்னா கேக்காது, நான் சொன்னாத்தான் கேக்கும்"னு பானெட்டைத் திறந்து உள்ள ஸ்டாப்புன்னு எழுதியிருந்த ஒரு சின்ன நெம்புகோலை விரலால அழுத்துனாரு, அடங்கிருச்சு. ரொம்ப நாள் அதை மந்திரம்னே நெனச்சிருந்தேன். டீசல் எஞ்சினுக்கு பெட்ரோல் மாதிரி ஸ்பார்க்கை வெட்டி நிறுத்த முடியாது, டீசலையே நிறுத்தணும், அந்த வேலையை இந்தக் காடியில வேக்குவம், அதாவது குழாய்ல காத்தை உறிஞ்சற இழுப்பு, செய்யுது. அதே வேக்குவம்தான் நாலு கதவையும் ஒண்ணா லாக் பண்றதும். பின் கதவுக்குள்ள ஒரு ரப்பர் வெயில்ல காஞ்சு கிழிஞ்சாலும் முன்னாடி எஞ்சின் நிக்க மாட்டேங்கும்! இதை எனக்கு வெளக்குனது ஜுரு பக்கம் ஒரு சீன போர்மேன் (மெக்கானிக்), நாலு கதவு அட்டையையும் கழட்டிப் போட்டு வாயால குழாயை உறிஞ்சியே ஓட்டையைக் கண்டுபுடிச்சாரு.

அப்புறம் அந்த பின் லைட்டு. வரி வரியா மேடும் பள்ளமுமா இருக்கும், கை வச்சு தடவிப் பாத்தா தெரியும். அழகுக்குன்னு நெனப்போம், ஆனா சேறு அடிச்சா மேட்டுல ஒட்டும், பள்ளம் சுத்தமா இருக்கும், பின்னால வர்றவனுக்கு லைட்டு தெரியும். மழையில பழைய ரோட்ல ஓட்டுனவங்களுக்குத்தான் இதோட அருமை புரியும். அதனால 123 மாடல் எது கையில வந்தாலும் நான் முதல்ல பின்பக்கம் திருப்பி அந்த வரி இருக்கா, இல்ல செகப்பு பெயிண்ட் ஒரு சொட்டு வச்சு முடிச்சுட்டானான்னு பாப்பேன்.

க்ளாசிக் காடின்னு நம்மூர்ல ஷோ போட்டா என்ன நிக்குது? பீட்டல், மினி, எம்ஜி, ஒண்ணு ரெண்டு ஜாகுவார். எல்லாம் நல்ல காடிதான், நானும் போய் வாயப் பொளந்துட்டுத்தான் வர்றேன். ஆனா டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோல்லா கேஇ70, நம்ம நாட்டு புரோட்டோன் முதல் சாகா இதெல்லாம் எங்க? 1985 ஜூலை 9 சாகா வந்துச்சு, அதே வருஷம் பினாங்கு பாலம் திறந்துச்சு, அப்ப பிரதமரா இருந்த மகாதீர் சாகாவிலயே பாலத்தைக் கடந்தாரு. உள்ள இருந்தது மிட்சுபிஷி லேன்சர்னு கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும், எத்தனை தோட்டத்துக் குடும்பத்துக்கு அது முதல் சொந்த காடி. முதல் சாகாவை மியூசியம் நெகாராவுக்கு (தேசிய அருங்காட்சியகம்) குடுத்துட்டாங்க, மத்ததெல்லாம் துருப்புடிச்சு ஒர்க்‌ஷாப் பின்னாடி புல்லு மொளைச்சுக் கெடக்குது, இல்லன்னா இரும்புக்குப் போயிருச்சு. ஃபெராரி அழியாது, அதுக்கு காசுக்காரன் இருக்கான். ஊர்ல எல்லார்கிட்டயும் இருந்த காடிதான் முதல்ல காணாமப் போகுது, எங்க பாத்தாலும் நிக்குதேன்னு யாரும் எடுத்து வைக்கல. அந்த காடிங்களுக்குத்தான் மாடல் வேணும்ங்கறேன். உங்க அப்பா ஓட்டுனது எதுவோ அதைத் தேடி வாங்குங்க, வெல ஏறாது, ஏற வேணாம்.

இதுல என் பிரச்சனை என்னன்னா, 123ல டாக்சி மாடல் கிடைக்குது, ஆனா நான் பாத்ததெல்லாம் ஜெர்மன் டாக்சி, வெளிர் தந்த நெறம், அந்தக் காலத்துல அங்க சட்டமே அப்படி. நம்ம கறுப்பு மஞ்ச வேணும்னா நாமளே செய்யணும். 1:43ல ஒண்ணு வாங்கி அடி ஸ்க்ரூவைக் கழட்டி பெயிண்டையும் உரிச்சாச்சு. மஞ்சளை முதல்ல அடிச்சு கூரையை டேப் போட்டு மூடிட்டு அப்புறம் கறுப்பு, மாத்தி அடிச்சா மஞ்ச பச்சையடிச்சுப் போகும். எழுத்துக்கு வீட்டு பிரிண்டர் உதவாது, அதுல வெள்ளை மை கிடையாது, கறுப்பு மேல மஞ்ச எழுத்து ஒட்டுனா காணாமப் போயிடும், வெள்ளை மை வச்சிருக்கற பிரிண்டிங் கடைக்குத்தான் குடுக்கணும். நம்பர் பலகை தெரியும், டாக்சிக்கு ஹெச் எழுத்து, பினாங்குன்னா ஹெச்பி, வெள்ளையில கறுப்பு.

தெரியாதது கதவு. முன் கதவுல என்ன எழுதியிருந்துச்சு, எத்தனை வரி, வட்டத்துக்குள்ளயா சும்மாவா, மஞ்ச கூரையோட நின்னுச்சா ஜன்னல் தூண் வரைக்கும் எறங்குச்சா. மாமா இல்ல, அத்தைகிட்ட கேட்டா "கறுப்பா இருந்துச்சு"ங்கறாங்க. அதனால பட்டர்வொர்த், பிறை, மாக் மண்டின் பக்கத்து ஆளுங்க, வீட்ல 80கள்ல எடுத்த கல்யாண ஆல்பம் இருந்தா கொஞ்சம் பெரட்டிப் பாருங்க, மாப்பிள்ளை டாக்சிலருந்து எறங்கற மாதிரி, ஃபெரி படகுத்துறை முன்னாடி குடும்பமா நிக்கற மாதிரி எதாவது மாட்டும். போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல போடுங்க. ஆளுங்க முகத்தை மறைச்சுட்டுகூட அனுப்புங்க, எனக்கு கதவு மட்டும் போதும்.