சைக்யாட்ரி போஸ்டிங்கை வார்டில் தொடங்காதீர்கள்

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டில் சைக்யாட்ரி போஸ்டிங், அதாவது மனநலப் பிரிவில் பயிற்சி, வரும். மாணவிகளை நேரே பூட்டிய வார்டுக்குள் அனுப்பி அதைத் தொடங்கி வைக்கிறோம் பாருங்கள், அது தப்பு என்பது என் கட்சி.

போகும் முன்பே பயம் ஏற்றி அனுப்புவார்கள். சேஃப்டி பின், கத்தரிக்கோல் கொண்டு போகாதே, ஐடி கார்டைக் கழுத்தில் தொங்கவிடாதே, தனியாகப் பக்கத்தில் போகாதே. இதில் பாதி நியாயமான பாதுகாப்பு விதி, மீதி சீனியர்கள் விட்ட கதை. போதாக்குறைக்கு நம் ஊர்ப் பேச்சு வேறு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794 வரை போகிறது. இன்றைக்கும் ஒருவர் கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்கிறோம். இதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு இருபது வயசுப் பெண் முதல் நாளே வார்டுக்குள் நுழைந்தால் அவள் கண்ணுக்கு நோயாளி தெரிவாரா, கேட்ட கதை தெரியுமா?

உள்ளே போனால் பாதி நேரம் நோட்டுக்கே போய்விடும். கேஸ் ஸ்டடி, கேர் பிளான், ப்ராசஸ் ரெக்கார்டிங் (நோயாளியும் நாமும் பேசியதை அப்படியே எழுதி அலசுவது), மனநிலைப் பரிசோதனை. எங்கள் வார்டில் ஒரு ஐயா இருந்தார். அந்தப் பரிசோதனையில் கவனத்தைப் பார்க்க நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் கேள்வி முடியும் முன்பே 93, 86, 79 என்று ஒப்பிப்பார். வருகிற பேட்ச் எல்லாம் அதையே கேட்டால் மனுஷன் வேறென்ன செய்வார்? "ரோட்டில் ஸ்டாம்ப் ஒட்டின கவர் கிடந்தா என்ன செய்வீங்க ஐயா?" என்று, முடிவெடுக்கும் திறனைப் பார்க்கும் கேள்வியை என் தோழி கேட்டாள். "இப்ப யாரும்மா லெட்டர் போடுறா?" என்றார். இதற்கு நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவள் முழித்தாள். என்னைக் கேட்டால் முழு மார்க்.

வார்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டிருந்த ஓர் இளைஞனுக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே செருகி நின்றுவிட்டது. அவன் அம்மா சாமி ஏறிவிட்டது என்று கும்பிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். டியூட்டி சிஸ்டர் பதறவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லி ஃபெனர்கன் ஊசி போட்டார். அவன் தோளைப் பிடித்தபடி, "மருந்தால வந்ததுப்பா, இப்ப விட்டுடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. மருந்தால் தசை இப்படி இழுத்துக்கொள்வதுதான் டிஸ்டோனியா; புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகும் அதை இப்படிப் பார்க்க வார்டுதான் சரி.

ஆனால் வார்டில் இருப்பவர்கள் யார்? நோய் கடுமையாக இருக்கும் நேரத்தில் வந்தவர்கள், இல்லையென்றால் குணமாகியும் வீட்டார் வந்து கூட்டிப்போகாதவர்கள். குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை அங்கேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறை வேறு. நன்றாகி வேலைக்குப் போகிறவர்களை அந்த வார்டில் பார்க்கவே முடியாது. பிறகு மாணவிக்கு, இந்த நோய் வந்தால் அவ்வளவுதான் என்ற எண்ணம் வராமல் என்ன செய்யும்?

மாவட்ட மனநலத் திட்டத்தின் ஓ.பி.யை எங்களுக்குக் கடைசியில்தான் காட்டினார்கள். 1996-இல் நாட்டில் தொடங்கிய திட்டம் அது. தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஓர் அக்காவுக்கு பைபோலார், அதாவது மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் நோய். அதற்கான லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வருஷக்கணக்கில் நன்றாக இருக்கிறார். நூறு நாள் வேலைக்குப் போகணும், சீக்கிரம் சீட்டு போடுங்க என்று அவசரப்படுத்தினார். சிஸ்டர் விடவில்லை. "வெயில்ல நல்லா தண்ணி குடிக்கிறீங்களா? முட்டி வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடுறீங்களா?"

"ஆமா சிஸ்டர், டைக்ளோ."

வியர்த்து உடம்பில் தண்ணீர் வற்றினாலும், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை போட்டாலும் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். அளவு மீறினால் கை நடுக்கம், வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம் என்று விஷமாகவே மாறிவிடும். உடனே ரத்தம் எடுக்க எழுதினார்கள், வலிக்கு பாராசிட்டமால் மாற்றிக் கொடுத்தார்கள். மனநல நர்சிங் என்ன வேலை என்று எனக்குப் பிடிபட்டது அந்த மேஜைப் பக்கத்தில்தான். முதல் வாரமே அங்கே உட்கார்ந்திருந்தால் வார்டில் இருந்தவர்களையும் வேறு கண்ணோடு பார்த்திருப்பேன்.

"அறிகுறியே இல்லாத ஆட்களைப் பார்த்து என்ன கத்துக்குவாங்க?" என்று ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார். மருந்து வேலை செய்கிறது என்பதைக் கற்றுக்கொள்வார்கள், மேடம்.

எங்களில் பெரும்பாலோர் மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேரப்போவதும் இல்லை. ஜெனரல் வார்டுக்குத்தான் போகிறோம். அங்கே காய்ச்சல், தொண்டை வலி என்று வருபவர் குளோசபின் என்ற மனநோய் மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் உடனே வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். அந்த மருந்து அதைக் குறைத்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நடப்பது என்ன? சீட்டைப் பார்த்ததும் "சைக்கியாட்ரி கேஸ்" என்று ஓரக் கட்டிலைக் கொடுத்துவிட்டு, தேவைக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள்.

வரிசையை மாற்றப் புதுப் பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். ரொட்டேஷன் போடும்போது முதல் வாரத்தை ஓ.பி.க்கும் மாவட்டத் திட்டத்துக்கும் கொடுத்தால் போதும். பஸ்ஸுக்கும், கூட அனுப்ப ஆசிரியைக்கும் எங்கே போவது என்பார்கள். கம்யூனிட்டி போஸ்டிங் என்று கிராமம் கிராமமாக அழைத்துப் போகிறார்களே, அதற்கு மட்டும் பஸ்ஸும் ஆசிரியையும் எங்கிருந்து வருகிறார்கள்?