ஏற்காட்டில் பிணம் எழுப்பப் போகிறவர்களுக்கு

பேய்க் குறும்படம் எடுக்க மலையேறும் தம்பிகள் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுதுவது ட்ரோன் வாடகை. செத்தவர்கள் எழுந்து வரும் கதைக்கு அது வேண்டவே வேண்டாம். இந்த வகைக்கு இலக்கணம் வகுத்ததே காசில்லாதவர்கள் எடுத்த படம்தான்.

1968ல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' பாருங்கள். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ஒன்றேகால் லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தது. இடிக்கப் போகிற பண்ணை வீடு கிடைத்ததால் ஜன்னலெல்லாம் பலகை வைத்து ஆணி அடிக்க முடிந்தது. ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். பின்னணிக்கு ஏற்கெனவே பதிவாகிக் கிடந்த ஸ்டாக் இசை. கையில் பணமில்லாததால் கதை ஒரே வீட்டுக்குள் ஒரே ராத்திரியில் அடைபட்டது. பயமும் அதிலிருந்துதான் வந்தது. பிறகு தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போய், அமெரிக்காவில் படம் பொதுச்சொத்தானது. உழைத்தவர்கள் கைக்கு வர வேண்டிய காசு போனதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சிக்கனம் சேலத்துக்குப் புதிதா என்ன? ஏற்காடு ரோட்டில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ நூறு படத்துக்கு மேல் எடுத்த ஊர் இது.

ரத்தத்துக்கு வருவோம். கலரில் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பு சேனலை, அதாவது படத்திலுள்ள சிவப்பு நிறத்தின் பங்கை, தூக்கினால் முகம் பளிச்சென்று வரும், கூடவே சிவப்பு ரத்தமும் வெளுத்துப் பால் மாதிரி ஆகிவிடும். சாக்லேட் எந்த சேனலிலும் கருமையாகவே நிற்கும். கோகோ பவுடர் ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு சேர்த்து, கரண்டியின் பின்பக்கம் ஒட்டும் வரை காய்ச்சினால் போதும். மலைக்குளிரில் இறுகிவிடும் என்பதால் பாட்டிலை வெந்நீரில் வைத்திருங்கள்.

மலைப்பனியை நம்பி ஷாட் பிரிக்காதீர்கள். பத்து நிமிஷத்தில் கலைந்துவிடும், அடுத்த ஷாட் ஒட்டாது. பனி இருக்கும்போது லைட்டைக் கேமரா பக்கம் வைத்தால் திரை முழுக்க வெள்ளைச் சுவர்தான். நடந்து வருகிற பிணங்களுக்குப் பின்னாலிருந்து லைட் வர வேண்டும். ஏசி காரிலிருந்து எடுத்த லென்ஸ் ஈரக்காற்று பட்டதும் வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். குழிக்குள் புகை வேண்டுமென்று டிரை ஐஸ் போடாதீர்கள். அது மைனஸ் 78 டிகிரியில் உறைந்திருக்கும் கரியமில வாயு. ஆவியானால் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். புகை தரையோடு தவழ்வது எதனால் அழகாக இருக்கிறதோ, அதனாலேயே அது குழியில் தேங்கும். பிணமாகப் படுத்திருப்பவரின் மூக்கு சரியாக அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. 'அசையாதே' என்று வேறு சொல்லி வைத்திருப்போம். அவர் மயங்கினாலும் நல்ல நடிப்பென்று பார்த்துக்கொண்டிருப்போம். ஜன்னல் மூடிய ஓட்டு வீட்டுக்குள்ளும் இதே ஆபத்து. திறந்தவெளியில், எல்லோரும் நின்றுகொண்டிருக்கும் ஷாட்டுக்கு மட்டும், தடித்த கையுறை போட்டு வெந்நீரில் இடலாம். படுத்திருக்கும் ஷாட்டுக்கு ஃபாக் மெஷின் போதும். அதையும் குழிக்கு வெளியே வைத்து, காற்று வரும் பக்கத்திலிருந்து விடுங்கள்.

உண்மையில் குழியே தேவையில்லை. மேஜை உயரத்துக்குப் பலகைப் பெட்டி அடித்து, மேற்பலகையில் கை நுழையும் ஓட்டை போட்டு, மேலே தேங்காய் நார்க்கழிவைக் கொட்டி அரை அங்குலம் செம்மண் தூவுங்கள். நார்க்கழிவு கனமில்லை, விரல் முட்டினால் பொலபொலவென்று பிளக்கும். வெறும் செம்மண் மழை ஈரத்தில் இறுகிவிடும், கை மேலே வராது. நடிப்பவர் பெட்டிக்கடியில் முகம் திறந்தபடி உட்கார்ந்திருப்பார். கேமராவை மண் மட்டத்துக்கு இறக்குங்கள். முதலில் ஒரே ஒரு விரல் வரட்டும்.