பெரிய ஃபியூஸ் போட்டால் பிரச்சினை தீராது

“பழைய ஸ்பிளெண்டர் பைக்ல 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போச்சுன்னா 20 போடுங்க, தொல்லை தீர்ந்துரும்”னு ஒரு நண்பர் சொல்லியிருக்கார். தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. ஃபியூஸ் காப்பாத்துறது ஒயரைத்தான். 20 போட்டா ஃபியூஸ் போகாம நிக்கும், அதுக்குப் பதிலா டேங்குக்கு அடியில இருக்கிற ஒயர் உருகும். டேங்குல இருக்கிறது பெட்ரோல்ங்க!

எப்பவாவது மட்டும் போகுதுன்னா, எங்கேயோ ஒயர் தோல் உரிஞ்சு பாடியில தொட்டுத் தொட்டு விலகுதுன்னு அர்த்தம். ஃபியூஸைக் கழட்டிட்டு, அந்த ரெண்டு முனைக்கும் நடுவுல 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணை மாட்டுங்க. ஷார்ட் ஆனாலும் 2 ஆம்பியருக்கு மேல ஓடாது, அதனால ஃபியூஸ் வீணாகாது. சாவியைப் போட்டு, ஹாண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவா திருப்புங்க. பல்பு பளிச்சுனு முழுசா எரிஞ்சா அப்போ ஷார்ட் ஆகுதுன்னு அர்த்தம்; அந்த இடத்துல நிறுத்திட்டு, ஹாண்டில்பார் கழுத்துக்கிட்ட இருக்கிற ஒயர்க் கொத்தை விரலால அசைச்சுப் பாருங்க. பாதி வண்டிகள்ல அங்கேயே மாட்டிக்கும். இல்லன்னா பின்னாடி மட்கார்டுக்குள்ள போற டெயில் லைட் ஒயர், பிரேக் சுவிட்ச் ஒயர். ஒயர்களை இணைக்கிற கப்ளரை (பிளாஸ்டிக் கனெக்டர்) ஒவ்வொண்ணா கழட்டுங்க, எதைக் கழட்டினதும் பல்பு அணையுதோ அந்த லைன்தான்.

உரிஞ்ச இடத்துல டேப் மட்டும் சுத்தினா மழையில திரும்ப வரும். ஸ்லீவ் (ஒயர் மேல மாட்டுற இன்சுலேஷன் குழாய்) போட்டு, உரசாத மாதிரி கட்டுங்க.