படிப்பது மன்னிப்பது ஆகாது

ஞாயிற்றுக்கிழமை வேலூர்க் கோட்டைப் பூங்காவில் நடந்த வாசகர் சந்திப்பில் என் கையிலிருந்த புத்தகத்தைப் பற்றி எழுந்த பேச்சும், அன்றிரவே அதன் படத்தோடு வந்த பதிவும் உங்களில் பலருக்குத் தெரியும். கொலைகாரனின் பிள்ளைப்பருவத்தைப் படித்து அவனுக்கு இரக்கம் தேடுகிறேனாம். படிப்பது மன்னிப்பது ஆகாது என்று அங்கேயே சொன்னேன்; இங்கும் சொல்கிறேன்.

அது சோவியத் ஒன்றியத்தை ஆண்ட ஸ்டாலினின் இளமையைச் சொல்லும் நூல். ஜார்ஜியாவின் கோரியில் 1878-இல் பிறந்த அந்தச் சிறுவனின் தந்தை செருப்புத் தைப்பவர், குடிகாரர். மகனைப் படிப்பிலிருந்து பிடுங்கித் திபிலிசியில் தாம் வேலை பார்த்த காலணித் தொழிற்சாலைக்கு இழுத்துச் சென்றார். துணி வெளுத்தும் தைத்தும் பிழைத்த தாய்தான் போராடி அவனைப் பள்ளிக்கு மீட்டார். அந்தப் பக்கத்தைக் கடக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆம்பூர் டேனரி ஒன்றில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டிய என் அப்பாவும் குடித்தார், அடித்தார். ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தி ஷூ கம்பெனிக்கு அனுப்பப் பார்த்தபோது அம்மாதான் குறுக்கே நின்றார். அடிபட்ட நானும் தம்பியும் யாரையும் கொல்லவில்லை. ஆகவே, அடிதான் ஸ்டாலினைக் கொலைகாரனாக்கியது என்று எவரேனும் சொன்னால் முதலில் மறுப்பவன் நான்தான்.

பின் ஏன் படிக்க வேண்டும் என்பார்கள். பதினாறு வயதில் அவன் எழுதிய கவிதைகள் 1895-இல் 'இவேரியா' என்ற ஜார்ஜிய இதழில் வந்தன. பாதிரியார் பயிற்சிப் பள்ளியில் விக்டர் ஹியூகோவின் நாவலை வைத்திருந்ததற்காகத் தனியறையில் அடைக்கப்பட்டவன் அவன். அவனுடைய ஆட்சியில்தான், அவனைச் சாடிக் கவிதை எழுதிய ரஷ்யக் கவிஞர் மண்டெல்ஷ்டாம் 1934-இல் கைதானார், 1938-இல் கைதிகள் முகாமில் இறந்தார். 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 6.8 லட்சம் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புத்தகம் படித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட பையன் எப்படி இங்கே வந்து சேர்ந்தான் என்று நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. பிறவி அரக்கன் என்று ஒதுக்கியிருந்தால் இந்த அச்சம் எனக்கு வந்திருக்காது.

இளைஞர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்களே என்ற கவலையில் நியாயம் உண்டு. அதற்காக அட்டையை மறைத்துப் படிக்க என்னால் இயலாது.

ஆனால் என்னைச் சுட்டது அந்தப் பதிவின் கடைசி வரி: குடிகார அப்பனுக்குப் பிறந்தவர்களுக்கு இப்படிப்பட்டவர்கள் மேல்தான் பாசம் வருமாம். எழுதியவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கையால் சாப்பிட்டவர். அப்பா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் நான் அவரை முழுமையாக மன்னிக்கவில்லை. அதையும் அந்தத் திண்ணையில் வைத்து, பதிவை எழுதியவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.